பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையும் காப்பீட்டின் எடை விதியும்: முழுமையான வழிகாட்டி

அறுவை சிகிச்சை நிபுணர் "உங்களுக்கு இது தேவை" என்று சொல்லிவிடுகிறார். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் கேஷ்லெஸ் படிவத்தை, அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டக் கேட்கும் படிவத்தை, நிரப்பி அனுப்புகிறார்கள். பதில் வருகிறது: "பாலிசி நிபந்தனைகளின்படி அனுமதிக்க இயலாது." பேரியாட்ரிக் எனப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகும் பலர் தங்கள் பாலிசியை முதன்முறையாகத் திறந்து படிப்பது இந்த வரிக்குப் பிறகுதான். அதற்குள் சில வேலைகளுக்கான நேரம் கடந்துபோயிருக்கும்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் பெரும்பாலும் உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது தேதியிட்ட தாள்களை. உங்கள் உடலின் உண்மை நிலை அந்தத் தாள்களில் சரியான நேரத்தில், சரியான வரிசையில் பதிவாகியிருக்க வேண்டும். கீழே உள்ளவை இந்தியாவில் எடுக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளுக்குப் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கக் காப்பீட்டைப் பற்றியது. அங்கே பல நிறுவனங்கள் மருத்துவர் மேற்பார்வையில் மூன்று முதல் ஆறு மாதம் வரை உணவுக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாகக் கேட்டு வந்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: விலக்குப் பகுதியை வாசியுங்கள்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, மருத்துவப் பாலிசிகளில் வரும் விலக்குகளுக்கான (எவற்றுக்குப் பணம் கிடைக்காது என்று சொல்லும்) வாசகங்களை 2019 செப்டம்பரில் ஒரே சீராக்கியது. அதனால் அநேகமாக எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் "உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு" என்ற தலைப்பில் 06 என்ற எண் கொண்ட விலக்கு இருக்கும். அதன் சாரம் இது: கீழ்க்கண்ட நான்கு நிபந்தனைகளும் நிறைவேறாவிட்டால், உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைச் செலவு கிடைக்காது.

1. அறுவை சிகிச்சை மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும்.
2. அது ஏற்கப்பட்ட மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.
3. காப்பீடு பெற்றவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.
4. பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35க்குக் குறையாமல் இருந்து, கூடவே பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக் குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கடுமையான நோய், கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையினர் அறுவை சிகிச்சை அல்லாத எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று அது பலிக்காமலும் போயிருக்க வேண்டும்.

நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மூன்று இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

இது அடிப்படை விதி மட்டுமே. இதற்கு மேல் ஒவ்வொரு பாலிசியும் தன் பங்குக்குச் சில வரிகளைச் சேர்த்திருக்கும்: பேரியாட்ரிக் சிகிச்சைக்குத் தனிக் காத்திருப்புக் காலம், இத்தனை லட்சத்துக்கு மேல் தரமாட்டோம் என்ற உச்சவரம்பு, குறிப்பிட்ட அறுவை முறைகள் மட்டும் என்ற கட்டுப்பாடு. பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இவை சுருக்கமாக இருக்கும். ஆனாலும் முழுப் பாலிசி வாசகத்தையும் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி, "பேரியாட்ரிக்", "உடல் பருமன்" ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

அலுவலகம் தரும் குழுக் காப்பீடு என்றால், மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். குழுப் பாலிசிகளில் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்திருப்பது சகஜம். தனிப் பாலிசியில் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியவருக்குக் குழுப் பாலிசியில் உடனே வழி கிடைக்கலாம். எதிர்மாறாக, பேரியாட்ரிக் சிகிச்சையையே அடியோடு விலக்கிய குழுப் பாலிசிகளும் உண்டு. வேலையை விடும் எண்ணம் இருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவர் சொல்லும் எண் வேறு, பாலிசி சொல்லும் எண் வேறு

மிகுந்த மனவருத்தம் பிறப்பது இந்த இடத்தில்தான். 40, 35 என்ற எல்லைகள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் நடத்திய மாநாட்டின் அறிக்கையில் சொல்லப்பட்டவை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுகின்றன என்பதால், 2009இல் வெளியான இந்தியர்களுக்கான மருத்துவ ஒருமித்த அறிக்கை எல்லைகளை 37.5, 32.5 என்று இறக்கியது. 2022இல் பேரியாட்ரிக் நிபுணர்களின் அமெரிக்க அமைப்பும் சர்வதேசக் கூட்டமைப்பும் இணைந்து, பிஎம்ஐ 35ஐ எட்டினாலே உடன்நோய் (பருமனோடு சேர்ந்து வரும் நோய்) இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று அறிவித்தன. ஆசியர்களுக்கு எல்லைகள் இன்னும் கீழே இருக்க வேண்டும் என்பதையும் அந்த அறிக்கை ஏற்றது.

ஆக, பிஎம்ஐ 37 இருந்து, விலக்கில் சொன்ன உடன்நோய் எதுவும் இல்லாத ஒருவரிடம் மருத்துவர் "உங்களுக்கு அறுவை சிகிச்சை தேவை" என்று சொல்வது முற்றிலும் சரி. பாலிசி "முடியாது" என்பதும் அதன் வாசகப்படி சரி. மருத்துவர் ஏமாற்றுகிறார் என்றோ, நிறுவனம் சட்டத்தை மீறுகிறது என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய எல்லையை இந்திய உடல்களுக்கு இன்னும் பொருத்திக்கொண்டிருப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் கோரிக்கை இன்றைய வாசகத்தின்படிதான் தீர்மானிக்கப்படும்.

இரண்டாம் படி: உயரத்தை அளந்து வாருங்கள்

எல்லோரும் எடையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. உயரம் வர்க்கமாக வருவதால் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கணக்கு மாறிவிடும்.

103 கிலோ எடையுள்ள ஒருவரின் உயரம் 160 செ.மீ. என்றால் பிஎம்ஐ 40.2. அதே ஆளின் உயரத்தை 161 என்று எழுதினால் 39.7. முதல் எண்ணுக்கு அனுமதி, இரண்டாவதற்கு உடன்நோய்ச் சான்று வேண்டும். மருத்துவமனையின் வரவேற்புப் பகுதியில் "உயரம் என்ன சார்?" என்று கேட்டு, நீங்கள் "அஞ்சு நாலு இருக்கும்" என்று சொல்லி, அவர் அதை 162.5 என்று பதிந்துவிட்டால் பிஎம்ஐ 39 ஆகிவிடும். பலர் இருபது வயதில் அளந்த உயரத்தையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐம்பதைத் தாண்டினால் முதுகெலும்பு சற்றே குறுகியிருக்கும்.

எனவே காலணியைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்று, சுவரில் பொருத்திய அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். சென்டிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தாள்களிலும் அந்த ஒரே உயரம் இருக்கட்டும். நீரிழிவு மருத்துவர் சீட்டில் 158, அறுவை நிபுணர் கடிதத்தில் 163 என்றிருந்தால் அதைவிட எளிதான நிராகரிப்புக் காரணம் வேறில்லை.

எல்லை எடைகள் தோராயமாக இப்படி வரும். 150 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ 35 என்பது 78.8 கிலோ, 40 என்பது 90 கிலோ. 155 செ.மீ. என்றால் 84.1, 96.1. 160 செ.மீ. என்றால் 89.6, 102.4. 165 செ.மீ. என்றால் 95.3, 108.9. 170 செ.மீ. என்றால் 101.2, 115.6.

எடையை எப்போதும் ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில், காலையில் பார்ப்பது நல்லது. வீட்டுத் தராசில் பார்த்த எடை உங்கள் தகவலுக்கு. மருத்துவமனை பதிந்து கையெழுத்திட்ட எடைக்கே மதிப்பு. பிஎம்ஐ 40ஐ ஒட்டி இருப்பவர்கள் சாதாரணத் தராசு எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: 35க்கும் 40க்கும் நடுவில் இருந்தால்

பெரும்பாலான சிக்கல் இந்த நடுப்பகுதியில்தான். உயர் ரத்த அழுத்தம், மூட்டு வலி, கல்லீரல் கொழுப்பு, சினைப்பை நீர்க்கட்டி, குழந்தையின்மை இவையெல்லாம் பருமனோடு நேரடித் தொடர்புள்ள துன்பங்கள். மருத்துவர்கள் இவற்றைக் கணக்கில் எடுக்கிறார்கள். அடிப்படை விலக்கு வாசகம் எடுப்பதில்லை. அதில் பெயர் உள்ளவை நான்கு நோய்கள் மட்டுமே. உங்கள் பாலிசி அந்தப் பட்டியலை விரிவாக்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

நீரிழிவை முதலில் பார்ப்போம், நம் ஊரில் அதுதான் அதிகம். "கட்டுக்குள் வராத" என்பதற்கு விதி எந்த எண்ணையும் தரவில்லை. ஆகவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, மருந்து எடுத்தும் தொடர்ந்து இலக்குக்கு மேலேயே நிற்கிறது என்று காட்ட வேண்டும். பொதுவாக இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று முடிவுகளும், அந்தக் காலத்தில் மருந்து எப்படிக் கூட்டப்பட்டது என்று காட்டும் சீட்டுகளும் சேர்ந்தால் வலுவான சான்று. சீட்டில் "இரண்டாம் வகை" என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். வெறும் "சர்க்கரை நோய்" போதாது.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. நான்கு வகை மாத்திரையும் இன்சுலினும் போட்டு, வாயைக் கட்டி, 6.8க்குக் கொண்டுவந்து வைத்திருப்பவரிடம் "கட்டுக்குள்தானே இருக்கிறது" என்று நிறுவனம் சொல்லக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்திச் சர்க்கரையை ஏற்றிக் காட்டுவது முட்டாள்தனம். உயர்ந்த சர்க்கரையோடு அறுவை மேசைக்குப் போனால் தொற்று வரும், காயம் ஆறாது. இன்சுலின் எவ்வளவு தேவைப்படுகிறது, முந்தைய ஆண்டுகளில் அளவு எங்கே இருந்தது என்பதை நீரிழிவு மருத்துவரிடம் கடிதமாக வாங்கி இணைப்பதுதான் சரியான வழி.

அடுத்தது தூக்கத்தில் மூச்சு நிற்பது. இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். பருமனானவர்களிடம் மிகப் பரவலாக உள்ள நோய் இது. ஆனால் "அவர் குறட்டை விடுவார்" என்பதோடு குடும்பத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. இரவு முழுவதும் கருவி பொருத்திச் செய்யும் தூக்க ஆய்வில், மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது தடைபடுகிறது என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. விதி கேட்பது கடுமையானதை. உரத்த குறட்டை, பகலில் தூங்கி விழுவது, காலைத் தலைவலி, இரவில் மூச்சுத் திணறி எழுவது இவற்றில் ஏதேனும் இருந்தால் காப்பீட்டை மறந்துவிட்டாலும் இந்த ஆய்வைச் செய்துகொள்ள வேண்டும். கண்டறியப்படாத இந்த நோய் மயக்க மருந்தின்போது ஆபத்து.

இதய நோய்கள் இரண்டுக்கும் சான்று தெளிவானது. ரத்தக் குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோகிராம் அறிக்கையோ முன்பு ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரியோ. இதயத் தசை நோய்க்கு எக்கோ அறிக்கை. அதோடு இது பருமனால் வந்தது என்று இதய மருத்துவர் எழுதிய கடிதம். அந்தத் தொடர்பை எக்கோ அறிக்கை தானாகச் சொல்லாது.

"எளிய வழிகள் பலிக்கவில்லை" என்பதற்கான சான்று இன்னொரு தலைவலி. ஜிம்முக்குப் போனோம், பேலியோ இருந்தோம், நடைப்பயிற்சி செய்தோம், இரண்டு முறை பத்துக் கிலோ குறைத்து மீண்டும் ஏறியது. எல்லாம் உண்மை, எதற்கும் தாள் இல்லை. எத்தனை மாதம் முயன்றிருக்க வேண்டும் என்று அடிப்படை வாசகம் சொல்லவில்லை. இன்றே ஒரு உணவியல் நிபுணரையோ பொது மருத்துவரையோ பார்த்து, மாதம் ஒருமுறை எடையைப் பதிந்து, கொடுக்கப்பட்ட உணவுத் திட்டத்தையும் முடிவையும் எழுதி வாங்குங்கள். ஜிம் ரசீது, பழைய உணவுத் திட்டத் தாள், முழு உடல் பரிசோதனை அறிக்கைகளில் ஆண்டுவாரியாக உள்ள எடை, எடைக் குறைப்பு மருந்துச் சீட்டு என்று எது கிடைத்தாலும் சேருங்கள். ஆண்டுதோறும் அலுவலகம் செய்யும் மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள் இதற்கு அருமையான சான்று, ஏனென்றால் அவை காப்பீட்டுக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல.

நான்காம் படி: காத்திருப்புக் காலமும் பழைய விண்ணப்பமும்

பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024 விதிகளின்படி, அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 ஆக இருந்தது. நீரிழிவை அறிவித்து பாலிசி எடுத்தவர் அந்தக் காலம் முடியும் முன் அதன் அடிப்படையில் அறுவை சிகிச்சை கேட்டால் கிடைக்காது. பேரியாட்ரிக் சிகிச்சைக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறினால் முடித்த மாதங்கள் கணக்கில் வரும். ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இதைவிட மோசமான கண்ணிவெடி விண்ணப்பப் படிவம். அதில் உயரமும் எடையும் கேட்கிறார்கள். பிரீமியம் ஏறிவிடும், மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள் என்று பயந்து, 98 கிலோ ஆளுக்கு 74 என்று எழுதுவது நம் ஊரில் நடக்கிறது. ஏஜென்ட் எழுதினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்றால் நிறுவனம் கேட்காது, கையெழுத்து உங்களுடையது. இரண்டு ஆண்டு கழித்து 112 கிலோவில் அறுவை சிகிச்சை கேட்கும்போது பழைய படிவத்தை எடுத்து வைத்து, உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்ய முயல்வார்கள்.

எனவே பாலிசியோடு வந்த விண்ணப்ப நகலை எடுத்துப் பாருங்கள். தவறாக இருந்தால், அறுவை சிகிச்சை பேச்சு எழும் முன்பே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தக் கேளுங்கள். பிரீமியம் கூடலாம், பாலிசியின் நிபந்தனைகளும் மாறலாம். அறுவை அரங்கின் வாசலில் அது வெளிப்படுவதைவிட இது மேல். தொடர்ந்து 60 மாதம் பாலிசியைப் புதுப்பித்து வந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அதற்குப் பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, தகவல் மறைப்பைக் காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது.

ஐந்தாம் படி: எந்த நாளின் எடை?

இந்தக் கேள்வியைக் கேட்காததால் கைக்கெட்டிய அனுமதியை இழப்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் சுமார் இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தருவது பல மருத்துவமனைகளில் வழக்கம். பருமனானவர்களின் கல்லீரல் கொழுப்பேறிப் பெரிதாகி இரைப்பைக்கு மேல் படர்ந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் சிறு துளை வழியே நுழைக்கும் லேப்ராஸ்கோப்பி கருவிக்கு இடம் கிடைக்கும். இந்த இரண்டு வாரத்தில் சில கிலோ குறையும். 160 செ.மீ. உயரமுள்ளவர் 104 கிலோவில் தொடங்கினால் பிஎம்ஐ 40.6, நூறுக்கு வந்தால் 39.1.

பிஎம்ஐயை எந்தத் தேதியில் அளக்க வேண்டும் என்று விலக்கு வாசகம் சொல்வதில்லை. இந்த மௌனம் உங்களுக்கு எதிராகப் படிக்கப்படாமல் இருக்க, வரிசையைச் சரியாக வையுங்கள்.

அறுவை நிபுணர் பரிந்துரைக்கும் நாளன்றே உயரம், எடை, பிஎம்ஐ மூன்றையும் எழுதி, தேதியிட்டு, முத்திரையிட்ட கடிதம் வாங்குங்கள். முன் அனுமதிக் கோரிக்கையை அந்தக் கடிதத்தோடு, உணவுக் கட்டுப்பாடு தொடங்கும் முன் அனுப்பச் சொல்லுங்கள். "இந்தத் தேதியிலிருந்து அறுவை சிகிச்சைக்கான தயாரிப்பு உணவு தொடங்குகிறது, மருத்துவமனையில் சேரும் நாளில் எடை குறைந்திருக்கும்" என்ற ஒரு வரியும் கடிதத்தில் இருக்கட்டும். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எந்தத் தேதியின் பிஎம்ஐயை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு மதிப்பில்லை.

இப்போது புதிய சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. எடைக் குறைப்பு ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எடை நிஜமாகவே இறங்குகிறது. பிஎம்ஐ 41இல் தொடங்கி 37இல் நிற்பவர் அறுவை சிகிச்சைக்கு வந்தால் எந்த எண் செல்லும்? பாலிசியைப் பொறுத்த விஷயம், கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊசி போடத் தொடங்கும் முன் எடை என்ன என்பதற்கான சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஊசி நன்றாக வேலை செய்தால், இப்போதே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரிடம் மறுபடி பேசுவதில் தவறில்லை. செலவு தாங்காமல் நிறுத்தி எடை திரும்பியிருந்தால், எளிய வழி பலிக்கவில்லை என்பதற்கு அதுவே ஒரு சான்று.

எதிர்த்திசையில் ஒரு யோசனையும் காதில் விழும்: "இன்னும் ரெண்டு கிலோதானே, ஏத்திக்கிட்டு வாங்க." யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூன்று வாரம் பிரியாணியும் இனிப்புமாகத் தின்று எடை ஏற்றினால், சுருங்க வேண்டிய கல்லீரல் இன்னும் வீங்கும், சர்க்கரை ஏறும், மயக்க மருந்தின் ஆபத்து கூடும். தவிர, உங்கள் பழைய பரிசோதனை அறிக்கைகளில் 98, 98, 97 என்று வந்துகொண்டிருந்த எடை திடீரென 103 ஆவதைப் பார்க்கும் மருத்துவர் கேள்வி கேட்காமல் விடமாட்டார். சட்டைப்பையில் கனமான பொருளை வைத்துத் தராசில் ஏறுவது, சீட்டில் எண்ணைத் திருத்துவது எல்லாம் மோசடி. கோரிக்கையோடு பாலிசியும் போகும்.

ஆறாம் படி: முன் அனுமதி

2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை போனதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். நல்ல விதி. ஆனால் பேரியாட்ரிக் கோரிக்கைகளில் "மேலும் ஆவணம் தேவை" என்ற கேள்வி வருவது வழக்கம். இது திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்பதால், மருத்துவமனையில் சேரும் நாளுக்குச் சில நாள் முன்பே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பிஎம்ஐயும் காரணமும் எழுதிய அறுவை நிபுணரின் கடிதம், உடன்நோய்க்குரிய மருத்துவரின் தனிக் கடிதமும் பரிசோதனை முடிவுகளும், எடை குறைப்பு முயற்சிகளின் சான்று, எந்த அறுவை முறை, ஏன் என்ற விளக்கம், செலவு மதிப்பீடு. மருத்துவமனை ஊழியர் அனுப்பும் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நோய் என்ற இடத்தில் வெறுமனே "உடல் பருமன்" என்று எழுதிவிட்டு நீரிழிவை எழுத மறந்த படிவங்கள் போவதுண்டு.

பணக் கணக்கில் மூன்று இடங்களைப் பாருங்கள். பேரியாட்ரிக் உச்சவரம்பு, ரோபோ அறுவை சிகிச்சை என்றால் அதற்குத் தனி உச்சவரம்பு உள்ளதா, அறை வாடகை வரம்பு. வரம்பு ஐயாயிரமாக இருக்க நீங்கள் பத்தாயிரம் ரூபாய் அறையில் தங்கினால், வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.

ஏழாம் படி: மறுத்துவிட்டால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்தப் பிரிவு என்று குறிப்பிடச் சொல்லுங்கள். நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது என்பதும் 2024 விதிதான். கேஷ்லெஸ் மறுப்பு என்பது கோரிக்கையே முடிந்துவிட்டது என்று பொருளல்ல. ஆவணம் போதவில்லை என்பதற்காக மறுத்திருந்தால், கைப்பணம் கட்டிச் சிகிச்சை முடித்துப் பிறகு திரும்பப்பெறும் கோரிக்கை அனுப்பலாம். பிஎம்ஐ எல்லையையே எட்டவில்லை என்ற காரணமானால் அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிராகரிப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயத்துக்கு நீதிமன்றம் போயிருந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அங்கே ஜெயிக்கக்கூடிய வாதங்கள் எவை? உயரத்தைத் தவறாகப் பதிந்து பிஎம்ஐ குறைந்தது, தயாரிப்பு உணவுக்குப் பிந்தைய எடையை எடுத்துக்கொண்டது, கடுமையான மூச்சு நின்றுபோதல் அறிக்கை இருந்தும் பார்க்காமல் விட்டது, அழகுக்கான அறுவை என்று தவறாக வகைப்படுத்தியது. பிஎம்ஐ 33இல் மருத்துவ வழிகாட்டல்களைக் காட்டி வாதாடுவது கடினம். இரண்டாம் நிபந்தனை நிறைவேறினாலும் நான்காவது நிறைவேறாது.

எல்லையை எட்டாதவர்களுக்கு மருத்துவமனையிடம் முழுத் தொகுப்புக் கட்டணம் பேசுவது ஒரு வழி. சென்னை அரசு மருத்துவமனைகளிலும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்யப்பட்டு வருகிறது. அங்கே உள்ள துறையில் நேரில் விசாரிப்பது பலன் தரும்.

அறுவைக்குப் பிறகு

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளை எத்தனை நாள் வரை தருவார்கள் என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். ரசீதுகளை அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் பெரும்பாலும் உங்கள் கைச்செலவுதான். எடை குறைந்தபின் தொங்கும் தோலை நீக்கும் அறுவை, அழகு சிகிச்சை விலக்கின்கீழ் வரும் என்பதால் அதற்கும் பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

இருக்கும் பாலிசியை எக்காரணத்தாலும் தவறவிடாமல் புதுப்பியுங்கள். வேறு பாலிசிக்கு மாறும்போது, மெலிந்துவிட்டோமே என்று இன்றைய எடையை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அறுவை சிகிச்சை நடந்த தேதியையும் முறையையும் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்துவிடுங்கள்.